ஒரே பக்கம் வளைந்த கத்திகள்

எங்கள் கத்திப் பட்டறையில் அவரைத் தூக்குக்குண்டு என்றுதான் கூப்பிடுவோம். கொத்தனார் சுவர் நேராக இருக்கிறதா என்று பிடித்துப் பார்க்கிற அந்தக் குண்டுதான். இருபது வருஷமாக அவர் கையில் ஒரு கத்தி கோணியதில்லை. செக்கச்சிவந்த கத்தியை உலையிலிருந்து இடுக்கியால் எடுத்து, முனை கீழாக, செங்குத்தாக எண்ணெயில் இறக்குவார். கொஞ்சம் சாய்ந்தாலும் ஒரு பக்கம் முந்திக் குளிர்ந்து கத்தி வளைந்துவிடும்.

போன மாதம் கத்திகள் வளைய ஆரம்பித்தன. பத்துக்கு நாலு. அவர் சாணை பிடிப்பவனைக் கைகாட்டினார். "ரெண்டு பக்கமும் ஒரே கனமா தேய்க்கல. அதான் கோணுது."

அவன் அவருடைய மனைவியின் தம்பி. முதலாளி விசாரிக்கவே இல்லை, அனுப்பிவிட்டார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஆடத் தெரிந்தவரும் அப்படிச் சொல்வார் என்று எனக்கு அப்போது தெரியாது.

சாணைக்குப் புது ஆள் வந்தான். கத்திகள் வளைந்துகொண்டேதான் இருந்தன. ஒரு மத்தியானம் தூக்குக்குண்டு வளைந்ததையெல்லாம் கொண்டுவந்து என் மேசையில் பரப்பினார். கைப்பிடி பொருத்துவது என் வேலை. தேய்த்த குறை என்றால் இப்படியும் அப்படியுமாக வளையும். இவை எல்லாம் முத்திரை குத்திய பக்கமே வளைந்திருந்தன. முத்திரை தன்னைப் பார்க்கும்படி பிடித்து இறக்குவது அவர் வழக்கம்.

"கொஞ்ச நாளா வலது கை விரல்ல உணர்ச்சியே இல்லம்மா," என்றார். "இடுக்கி சாயுறது தெரியல."

எனக்குக் கோபம்தான் வந்தது. "அதை என்கிட்ட ஏன் சொல்றீங்கண்ணே? கேக்க வேண்டியவன் வீட்ல சும்மா உக்காந்திருக்கான்."

அன்று சாயங்காலமே போயிருக்கிறார். மறுநாள் காலையில், யாருக்கோ நடந்தது போல என்னிடம் சொன்னார். வாசலில் நின்றபடியே மச்சானிடம் விஷயத்தைச் சொன்னாராம்.

"தெரியும் மாமா. முதல் வாரமே தெரியும். எல்லாம் ஒரே பக்கமா வளைஞ்சுதே."

"அப்புறம் ஏன்டா வாயத் தொறக்கல?"

"நான் எங்கயாவது சாணை பிடிச்சுப் பொழைச்சுக்குவேன். அந்தக் கையோட உங்கள யார் வேலைக்கு வைப்பா?"

அழுதீர்களா என்று கேட்டேன். வரவில்லை என்றார். எழுந்து முதலாளி அறைக்குள் போனார். ஐந்து நிமிஷத்தில் வெளியே வந்து, கையுறைகளைக் கழற்றி உலை மேடையில் வைத்தார்.

"நாளையிலேர்ந்து அவன வரச் சொல்லிட்டாரு," என்றார். "வீட்ல மொதல்ல அதச் சொல்றேன். என் விஷயத்த அப்புறமா சொல்லிக்கலாம்."