ரேடியேட்டருக்குள் விளைந்த உப்பு

எனக்குக் கோர்வையாக எழுத வராது, ஞாபகமும் குறைவு. ஐந்தாவது வரைதான் படித்தேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மரக்காணம் உப்பளத்தில் மூட்டை ஏற்ற என் மகன் பழைய வேன் ஒன்று வைத்திருக்கிறான். அது அடிக்கடி சூடாகும். ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவது என் வேலை. ஊரிலிருந்து சுமந்து வரும் குடிதண்ணீரை வண்டிக்குக் கொட்ட மனசு வரவில்லை. உப்புப் பாத்திக்கு இறைக்கிற தண்ணீரையே ஊற்றிவந்தேன்.

ஒரு நாள் வண்டி ஆவி கக்கி நின்றுவிட்டது. இழுத்துப்போய் மெக்கானிக் கடையில் விட்டதும் என் மகன் கத்தினான்.

"போன மாசம்தானே புது ரேடியேட்டர் போட்டேன்னு காசு வாங்கின? பழசுக்குப் பெயிண்ட் அடிச்சி ஏமாத்திட்டியே!"

கடைக்கு வந்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மெக்கானிக் முகம் செத்துப்போனது. ரேடியேட்டரைக் கழற்றித் திறந்தார்.

உள்ளே வெள்ளையாகப் பொரிந்திருந்தது. ஆண்கள் நடுவில் நிற்கவே கூச்சப்படுகிற நான், என்னையறியாமல் கிட்டே போய் அதைச் சுரண்டி நாக்கில் வைத்தேன். எங்கள் உப்பேதான்!

"அவரத் திட்டாதடா. நான்தான் உப்பளத்துத் தண்ணிய ஊத்தினேன்."

மெக்கானிக் சிரித்துவிட்டார். "பாத்தி கட்டாமயே உப்பு எடுத்துட்டீங்களே ஆயா!"

"தப்பா பேசிட்டேண்ணே," என்றான் மகன், எல்லார் முன்னாலும்.

அப்புறம் நான் கேட்கக் கேட்க, வாட்டர் பம்ப், ஹோஸ் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். எந்தத் தண்ணீர் ஊற்றலாம் என்று முன்பே வாய்திறந்து கேட்டிருந்தால் ஒரு மனுஷன் தலைகுனிந்திருக்க மாட்டான்.

ரேடியேட்டரைக் கழுவ ஆயிரத்துக்குள், மாற்றினால் ஐயாயிரத்துக்கு மேல் ஆகும் என்று அவர் சொன்னதாக ஞாபகம். தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்துச் சொல்லுங்கள்.