கூட்டிப் பெருக்கிய தேக்கங்காடு

எங்கள் ஊரில் முற்றத்தில் ஒரு புல் நின்றால் போதும், அந்த வீட்டுப் பெண்ணுக்குச் சோம்பேறிப் பட்டம் கிடைத்துவிடும். வண்ணாத்திவில்லுக்குப் போகிற பாதையோரத்தில், காலைத் தேநீருக்கு முன்பே எல்லா முற்றங்களிலும் விளக்குமாற்றுக் கோடு விழுந்திருக்கும். அதில் முதலிடம் என் அக்காவுக்கு, எங்கள் வழக்கில் ராத்தாவுக்கு. அவளுடைய முற்றத்தில் செருப்போடு நடக்க எனக்கே பயம்.

ராத்தாவின் பிழைப்பு இலைக்கஞ்சி. விடிந்ததும் பஸ் நிற்கும் இடத்தில் பானையோடு உட்கார்ந்துவிடுவாள். அவள் கணவர், என் மச்சான், மௌத்தாகி அவள் தனியான பிறகு பெண்பிள்ளைகளைப் படிக்க வைப்பது அந்தப் பானைதான். அதற்கான இலை, ஊருக்குப் பின்னால் இருக்கும் அரசாங்கத் தேக்கங்காட்டில் கிடைத்தது.

முன்பு அங்கே கஞ்சிக்கு ஓர் இலையும் கிடையாது. நெருக்கி நட்ட தேக்கு. வெயில் இறங்க இடமில்லை, தரையெல்லாம் சருகு. பிறகு வன இலாகாவினர் இடையிடையே மரங்களை வெட்டி ஐதாக்கினார்கள். காடு அழிகிறதே என்று ஊரோடு சேர்ந்து நானும் புலம்பினேன். அடுத்த மாரிக்கு எங்கள் வாய் அடைத்துப்போனது. வெயில் விழுந்த இடமெல்லாம் முசுட்டை, முடக்கொத்தான், குறிஞ்சா, பெயர் தெரியாத இன்னும் எத்தனையோ பூண்டுகள். ராத்தாவின் கஞ்சி கரும்பச்சையானது. கரைத்தீவு பஸ் சாரதி அதைக் குடிக்காமல் வண்டியை எடுக்கமாட்டார்.

அப்போதுதான் இலாகாவிலிருந்து பெரிய மாத்தயா, அதாவது மேலதிகாரி, காட்டைப் பார்க்க வருகிறார் என்று செய்தி வந்தது. எதைப் பார்க்க என்று ஒருவரும் கேட்கவில்லை. விருந்தாளி வந்தால் கூட்டுவதுதானே எங்கள் புத்தி. எங்கள் ஊர் வனச் சங்கத் தலைவர், எல்லோரும் கூலியில்லாமல் கூடி வேலை செய்யும் சிரமதானம் அறிவித்தார்.

"அது காடு நானா, முத்தமில்ல. என்ட கஞ்சிக்கு எல எல்லாம் அங்கதான் கெடக்கு" என்றாள் ராத்தா, தலைவரை அண்ணன் முறை வைத்து.

"அது திரும்ப மொளைக்கும் தங்கச்சி. ஊருட மானத்தப் பாருங்க" என்றார் தலைவர்.

"கூட்டச் சோம்பல் போல" என்று பக்கத்து வீட்டுக்காரி முணுமுணுத்தாள். அது போதும். ராத்தா விளக்குமாற்றைத் தூக்கிவிட்டாள். மண்வெட்டியால் வேரோடு கொத்தினோம், கொடியையும் சருகையும் குவித்து எரித்தோம். ராத்தாவின் பங்குதான் மிகச் சுத்தம். தேக்கு மரங்களைச் சுற்றி விளக்குமாற்றுக் கோடு போட்டிருந்தாள்.

பெரிய மாத்தயா ஒரு மரச்சட்டத்தோடு வந்தார். அதை வெறும் மண்ணில் வைத்துவிட்டுச் சுற்றிலும் பார்த்தார்.

"இங்க இருந்த சின்னச் செடி எங்க? மரம் வெட்டின பிறகு கீழ என்னென்ன செடி வந்த என்டு இந்தச் சட்டத்துக்குள்ள எண்ணத்தானே நான் வந்த."

"சுத்தமாக்கிட்டம், மாத்தயா" என்றார் தலைவர். பெருமையாகத் தொடங்கிய குரல் பாதியில் இறங்கிவிட்டது. எனக்குச் சிரிப்பு முட்டியது. ராத்தாவின் முகத்தைப் பார்த்ததும் அது அடங்கிப்போனது.

மாத்தயா ஏசவில்லை. வேர் போன செடி லேசில் திரும்பாது, வெறும் நிலத்தை வேறு ஏதாவது முதலில் பிடித்துக்கொள்ளும் என்று மட்டும் சொன்னார். அப்படியே நடந்தது. அடுத்த மழைக்குக் கினிப்புல் நெஞ்சளவு எழுந்தது, அதன் அடியில் வேறொன்றும் தலைகாட்டவில்லை. ராத்தா இலையில்லாத வெள்ளைக் கஞ்சி கொண்டுபோனாள்.

"என்ன ராத்தா, கஞ்சிக்குக் காய்ச்சலா?" என்று சாரதி கேட்டாராம். அங்கே சிரித்து வைத்தவள் வீட்டுக்கு வந்து அழுதாள். பானை பாதியோடு திரும்பியிருந்தது.

இப்போது அவள் முற்றத்தில் பாதியைக் கூட்டுவதில்லை. வேலியில் முசுட்டை, கிணற்றடியில் முடக்கொத்தான். பக்கத்து வீட்டுக்காரி எட்டி எட்டிப் பார்க்கிறாள்.

"ஊர் என்ன கதைக்கும், ராத்தா?" என்று சீண்டினேன்.

"கதைக்கட்டும் புள்ள. முத்தத்துக்குப் பேர் கெட்டாக் கெடட்டும், கஞ்சி பச்சையா இரிக்கோணும்."

சொல்லிக்கொண்டே மிச்சப் பாதியைக் கூட்டி வந்தவள், செடி தொடங்கும் இடத்தில் நின்றாள். விளக்குமாற்றை வேலியில் சாத்திவிட்டு, குனிந்து ஒரு பிடி இலை பறித்தாள். பானைக்கு அது போதாது. இன்னொரு பிடி பறிக்கப் போன கையை, செடி வளரட்டும் என்று இழுத்துக்கொண்டாள்.