நூற்றிருபதில் நெரெய்டா

பர்ரான்கியா நகரின் தென்பக்கத்தில் எவாரிஸ்டோவின் பிக்கோவைத் தெரியாதவர் கிடையாது. ஆளுயரத்தைத் தாண்டிய ஸ்பீக்கர் பெட்டி, முகப்பில் வாய் பிளந்த புலி. சனிக்கிழமை மதியம் அதைத் தெருவில் இறக்கி வைத்தால் மூன்று தெரு தள்ளியும் ஜன்னல் அதிரும். முப்பது வருஷமாக இதுதான் பிழைப்பு. ஊசி விழுந்தாலும் கேட்கும் காது அந்த மனிதருக்கு. பெண்டாட்டி பேச்சு மட்டும் அதில் ஏறியதில்லை.

பாட்டுக்கு நடுவே பிக்கோவின் பெயரைச் சொல்ல ஒரு குரல் வேண்டும். புலிக்குக் குரல் கொடுத்தவள் மனைவி நெரெய்டா. ஆண்களுக்கே வாய்க்காத கனத்த குரல். பிக்கோவோடு சேர்த்து அவர்கள் நடத்திய பீர்க் கடையிலேயே ஒலிப்பதிவு நடந்தது.

"யோவ், அந்த ஃபிரிட்ஜைக் கொஞ்சம் அணைச்சு வையேன். உறுமிக்கிட்டே கெடக்கு."

"பீர் சூடாயிடும்டி. புலின்னா உறுமத்தான் செய்யும், நீ பேசு!"

அவள் சிரித்துவிட்டுப் பேசினாள். மார்ச் மாதம் காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை.

அடுத்த கார்னிவல் திருவிழாவில் அவள் குரல் சுத்தமாக ஒலிக்க வேண்டும் என்று எவாரிஸ்டோவுக்கு ஒரே பிடிவாதம். கம்ப்யூட்டரில், ஒலியைக் கனம் வாரியாகக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரைத் திறந்தார். நொடிக்கு நூற்றிருபது அதிர்வில் ஃபிரிட்ஜ் உறுமிக்கொண்டிருந்தது. அந்த இடத்தை அடியோடு கீழே இழுத்தார். ஆயிரம் பாட்டுக்குச் செய்து பழகிய கை, பழைய பதிவின் மேலேயே சேமித்தும் விட்டது. வேறு பிரதி கிடையாது.

போட்டுக் கேட்டார். யாரோ ஒருத்தி தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசினாள்.

வானொலி நிலையத்தில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டு டாகோபெர்ட்டோவிடம் ஓடினார்.

"அண்ணே, கம்ப்யூட்டர் சத்தத்தைத் துண்டு துண்டா நறுக்கித்தான் கேக்கும். இத்தனூண்டு துண்டுல, பதினோரு அதிர்வு அகலத்துக்குள்ள இருக்கிறதெல்லாம் அதுக்கு ஒரே கட்டம்தான். ஃபிரிட்ஜும் அண்ணி குரலோட கனமும் ஒரே கட்டத்துல இருந்திருக்கு, சேர்ந்தே போயிடுச்சு."

"துண்டைப் பெருசாக்கியிருந்தா?"

"கட்டம் குறுகும். ஆனா வார்த்தையெல்லாம் ஒண்ணோட ஒண்ணு குழைஞ்சிடும். ரெண்டும் சேர்ந்து கெடைக்காதுண்ணே."

"போனதைத் திருப்பி வாங்க முடியாதாடா?"

"பழசு மேலேயே சேமிச்சிட்டீங்களேண்ணே."

எவாரிஸ்டோ கடைக்குத் திரும்பி, மறுபடி அதையே போட்டார். மெலிந்த, அந்நியக் குரல். பாவி, உன் கையாலேயே அவளை இன்னொரு முறை சாகடித்துவிட்டாயே என்று தன்னையே திட்டிக்கொண்டார். அப்போது மூலையில் ஃபிரிட்ஜ் உறுமத் தொடங்கியது. அந்த உறுமலின் மேல் குரல் உட்கார்ந்ததும் அதற்குக் கனம் வந்தது. நெரெய்டாவேதான். கம்ப்யூட்டரின் சின்ன ஸ்பீக்கரைத் தூக்கி ஃபிரிட்ஜ் அருகே வைத்துத் திரும்பத் திரும்பக் கேட்டார்.

சட்டென்று மோட்டார் நின்றது. மறுபடி அந்தத் தகரக் குரல்.

ஃபிரிட்ஜ் கதவை அகலத் திறந்து வைத்தார். சற்று நேரத்தில் உள்ளே சூடேறி, மோட்டார் மீண்டும் ஓடத் தொடங்கியது.

மனம் கேட்காமல் பின்னாலேயே வந்த டாகோபெர்ட்டோ வாசலில் நின்று பார்த்தான்.

"அண்ணே, கதவு தொறந்து கெடக்கே. பீர் சூடாயிடும்."

"ஆகட்டும்டா," என்றார் எவாரிஸ்டோ, அழுதுகொண்டே. "அணைச்சு வைன்னு அவ அப்பவே சொன்னா."