பைப் தண்ணீரில் கழுவிய கிண்ணம்

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் கோலாலம்பூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் வேதியியல் விரிவுரையாளர். ஒளிரும் புரதம் என் ஆராய்ச்சி. விடிந்ததும் பிரிக்பீல்ட்ஸிலிருந்து மோட்டார் சைக்கிளில் துறைமுகத்தை ஒட்டிய பண்டமாரானுக்குப் போவேன். வலையில் சிக்கிய ஜெல்லிமீன்களை மீனவர்கள் எனக்காக வாளியில் போட்டு வைத்திருப்பார்கள். "வாத்தியாரே, நாங்க தூக்கி வீசுறத நீங்க பெட்ரோல் போட்டு வந்து அள்ளிட்டுப் போறீங்க லா!" என்று சிரிப்பார்கள். அவற்றின் விளிம்பை வெட்டி, பிழிந்து, வடித்தால் ஒரு வாளிக்குச் சில சொட்டுத் தேறும். கால்சியம் பட்டால் அது நீலமாக ஒளிரும். ஒரே ஒருமுறை.

அந்த ஆராய்ச்சியைப் பற்றி நான் எழுதிய கட்டுரை அச்சாகி வந்தபோது அதில் துறைத்தலைவரின் பெயர் மட்டும் இருந்தது. என் ஆய்வகத்துக்குள் அவர் வந்ததே அபூர்வம். போய்க் கேட்டேன்.

"பேரு யாருதா இருந்தா என்ன தம்பி? எல்லாம் நம்ம டிபார்ட்மெண்ட்தானே."

"சரி சார்" என்று வந்துவிட்டேன்.

அடுத்த ஆண்டு, புதிய ஆய்வகத்தை யாரிடம் ஒப்படைப்பது என்று முடிவு செய்ய ஒரு குழு வந்தது. ஒளியைத் தானே செய்துகாட்டுவதாகத் தலைவர் சொல்லிவிட்டார். புரதம் இருந்த என் சின்னப் பிளாஸ்டிக் குழாய் அவருக்கு அழகாகப் படவில்லை. வீட்டிலிருந்து ஒரு கண்ணாடிக் கிண்ணம் கொண்டுவந்து, பைப்பைத் திறந்து கழுவி, ஈரத்தோடு மேசையில் வைத்தார். பைப் தண்ணீரில் கால்சியம் உண்டு. காய்ச்சி வடித்த நீரில்தான் எதையும் கழுவ வேண்டும் என்பது என் மாணவர்கள் முதல் நாளில் கற்கும் பாடம். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

விளக்குகள் எரியும்போதே புரதத்தை ஊற்றினார். அந்த வெளிச்சத்தில் அது யார் கண்ணிலும் படாமல் ஒளிர்ந்து தீர்ந்தது. பிறகு விளக்கை அணைக்கச் சொல்லி, கால்சியக் கரைசலை விட்டார். இருட்டுதான் இருந்தது. யாரோ இருமினார்கள்.

"தம்பி, என்ன ஆச்சு?"

"தெரியலையே சார். உங்க ஆராய்ச்சியாச்சே."

குழுவிலிருந்த பெண்மணி என் பக்கம் திரும்பி, என்னால் முடியுமா என்று கேட்டார். ஐஸ் பெட்டியில் இன்னொரு குழாய் தயாராக வைத்திருந்தேன். மீண்டும் விளக்கு அணைந்தது.

அந்த ஆய்வகமும், பின்னால் பேராசிரியர் பதவியும் எனக்கு வந்தன. ஆனால் அந்தச் சில நொடிகளில் நான் அவற்றை நினைக்கவில்லை. மற்றவர்கள் குழாயைப் பார்த்தார்கள். நான் தலைவரின் முகத்தைப் பார்த்தேன். அதற்கு வேண்டிய வெளிச்சம் இருந்தது.