ஆடிட்டர் வீட்டு ஆட்டுக்கறியும் மூன்று தொகைச் சீட்டும்

சுல்மா ஒர்மாயேச்சாவின் கோபத்தை நேரில் பார்த்த நாற்பது பேர் அர்ஜென்டினாவில் எங்கள் கொன்கோர்தியா ஊரில் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். ஆகவே நான் கூட்டிச் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். அன்றைக்கு அவள் தீக்குச்சியே உரசவில்லை. விறகைப் பார்த்து முறைத்தாள், பற்றிக்கொண்டது.

வாரத்தில் ஐந்து நாள் அவள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுபவள். சனி ஞாயிறுகளில் விசேஷ வீடுகளில் கறி சுடுபவள். முழு ஆட்டை இரும்புச் சிலுவையில் கட்டி, நெருப்புக்கு முன்னால் ஐந்து மணி நேரம் நிறுத்தி வாட்டும் வேலை. ஊரில் அதுவரை ஆண்கள் மட்டும்தான் செய்தார்கள். முதல் வருடம் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். இரண்டாம் வருடம் தட்டோடு வரிசையில் நின்றார்கள்.

கிளப்புகளில் முறையான ரசீது இல்லாமல் காசு தர மாட்டார்கள். அதனால் சிறுதொழில்காரர்களுக்கான மாதவரியில் பெயரைப் பதிந்துகொண்டாள். பதிந்து கொடுத்தவர் ஆடிட்டர் ஹசிந்தோ பெரூத்தி. அவர் அனுப்பிய சீட்டை மாதம் தவறாமல் கட்டினாள். ஆறு வருடம். தொகை ஏறிக்கொண்டே போய், கடைசியில் ஒரு மாதம் இரண்டு கல்யாணக் கூலியை அப்படியே விழுங்கிவிட்டது.

"இந்த மாசத்தோட பதிவை ரத்து பண்ணிடறேன். கறி சுடற அடுப்பையும் வித்துடறேன்" என்றாள், சலவைக்கூடத்தில் மாத்தே தேநீர் குடிக்கும் இடைவேளையில்.

பக்கத்து மேசை தெல்மிரா வீட்டில் ஆரஞ்சு ஜாம் கிண்டி விற்பவள். அவளும் அதே வரி கட்டுகிறவள்தான்.

"அடிப்பாவி, அதுக்கா அடுப்பை விப்பே? ஒரு கோழி விலைகூட இல்லையே!"

"எந்த ஊர் கோழிடி அது? காட்டு உன் சீட்டை."

இரண்டு பேரும் போனை எடுத்து அருகருகே வைத்தார்கள். தெல்மிராவின் சீட்டில் ஒரே ஒரு தொகை. சுல்மாவினுடையதில் மூன்று: வரி, ஓய்வூதியம், வைத்தியக் காப்பு.

"குண்டம்மா, உனக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா? ஓய்வூதியமும் வைத்தியமும் இங்க சம்பளத்துலயே பிடிக்கிறாங்கல்ல? சம்பளக்காரி வெறும் வரியை மட்டும் கட்டினாப் போதும். நீ எல்லாத்தையும் ரெண்டு தடவை கட்டிருக்கே!"

பத்தில் ஒரு பங்கு கட்ட வேண்டியவள் பத்துப் பங்கும் கட்டியிருக்கிறாள். எழுபத்திரண்டு மாதம். அன்று அவள் இஸ்திரி போட்ட விரிப்புகள் மறுநாள் வரை சூடாக இருந்தன என்று நோயாளிகள் சொன்னார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் ஆடிட்டருக்கு ஐம்பதாவது பிறந்தநாள். ஆற்றங்கரைத் தோட்டத்தில் விருந்து, நாற்பது விருந்தாளிகள், நானும் ஒருத்தி. கறி சுட ஏற்கெனவே முன்பணம் வாங்கியிருந்தவள் சுல்மா. வந்தாள். முறைத்தாள், நெருப்பு பிடித்தது. ஐந்து மணி நேரம் ஆட்டைத் திருப்பித் திருப்பி வாட்டினாள். தோல் பொன்னாகி, கொழுப்பு சொட்டி, வாசனை ஆற்றைத் தாண்டி உருகுவாயில் தூங்கிக்கொண்டிருந்தவர்களை எழுப்பியது.

எல்லோரும் மேசையில் உட்கார்ந்ததும் வழக்கப்படி ஆடிட்டரே எழுந்தார். "கறி சுட்டவங்களுக்கு ஒரு கைத்தட்டு!"

"யாரும் தட்டாதீங்க" என்றாள் சுல்மா. கையில் கத்தி. எண்பது கைகள் பாதியில் நின்றன. "ஹசிந்தோ ஐயா, என் சீட்டுல ஏன் மூணு தொகை இருக்கு?"

"இப்ப என்னம்மா அது? நாளைக்கு ஆபீசுக்கு வா."

"நாளைக்கு எனக்கு வேலை. எனக்கு வேலை இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"நீ சொல்லவே இல்லையே! விண்ணப்பத்துல 'வேற சம்பள வேலை உண்டா'ன்னு கேள்வி இருந்துச்சு. நான் உன்னைக் கறி சுடறவள்னுதான்..."

"நான் சொல்லலையா? போன வருஷம் பித்தப்பையை எடுத்தாங்களே, எந்த ஆஸ்பத்திரியில படுத்தீங்க? யார் போட்ட விரிப்புல படுத்தீங்க? 'சுல்மா, இன்னொரு தலையணை கொண்டா'ன்னு முனகினது யாரு? அது என் அக்கா தங்கச்சின்னு நினைச்சீங்களா?"

ஆடிட்டரின் முகம் பீட்ரூட் சாலட்டோடு சேர்ந்துகொண்டது.

"சரி, தப்பு நடந்துபோச்சு. திங்கக்கிழமை..."

"ஆடு திங்கக்கிழமை வரைக்கும் நிக்காது. நீங்க சரி பண்ற வரைக்கும் நான் கறியில கத்தி வைக்க மாட்டேன்."

கொழுப்பு சொட்டிக்கொண்டே இருந்தது. நாற்பது வயிறுகள் ஒரே சுரத்தில் உறுமின. ஆற்றில் போன படகுக்காரன் புயல் வருகிறது என்று கரை ஒதுங்கினான்.

ஆடிட்டரின் மனைவி மபெல்தான் முதலில் பொறுமை இழந்தாள். "ஹசிந்தோ, போய் அந்தக் கம்ப்யூட்டரை எடுத்துட்டு வாங்க. கறி காயுது!"

எடுத்து வந்தார். ரொட்டிக் கூடைக்கும் ஒயினுக்கும் நடுவில் வைத்துத் தட்டினார். சுல்மா அவர் தோளுக்குப் பின்னால் நின்றாள். இனி ஒரே தொகைதான் என்று திரையில் வந்தது. அதிகமாகக் கட்டியதைத் திரும்பக் கேட்டு மனுவும் போட்டார்.

"மனுவுக்குப் பதில் வரப் பல மாசம் ஆகும். அப்புறம் இந்தத் திருத்தத்துக்கு என்னோட கட்டணம்..."

மபெல் அவர் வாயில் ரொட்டியைத் திணித்தாள்.

சுல்மா சிலுவைப் பக்கம் திரும்பினாள். கைதட்டப் போனார்கள், மறுபடியும் தடுத்தாள்.

"உங்கள்ல எத்தனை பேருக்குச் சம்பளமும் இருக்கு, பக்கத் தொழிலும் இருக்கு? இவர் அனுப்பின சீட்டை எடுத்துப் பாருங்க."

போன்கள் வெளியே வந்தன. பள்ளிக்கூடக் குமாஸ்தா; மாலையில் கிதார் சொல்லித் தருபவர். மூன்று தொகை. நர்ஸ், வீட்டில் துணி தைப்பவள். மூன்று தொகை. ஆடிட்டரின் சொந்த மச்சான், பேருந்து ஓட்டுபவன், ஞாயிறுகளில் புல்வெட்டுபவன்.

"மாமா," என்றான் அந்த மச்சான் மெல்ல எழுந்து, "எனக்குமா?"

ஆடிட்டர் கம்ப்யூட்டரை விட்டு எழவே இல்லை. ஒருவர் பின் ஒருவராக வந்து நின்றார்கள். சுல்மா அப்போதுதான் கறியில் கத்தி வைத்தாள். விலா, தொடை, முதுகு எல்லாம் போய், அவர் நிமிர்ந்தபோது சிலுவையில் மிஞ்சியிருந்தது கழுத்தெலும்பு. அதைத் தட்டில் வைத்து முன்னால் நகர்த்தினாள்.

"சாப்பிடுங்க. அடுப்பை விக்கல."

அவள் பணம் இன்னும் திரும்பி வரவில்லை. நெருப்பு மூட்ட அவள் இன்றுவரை தீக்குச்சி வாங்கவும் இல்லை.