நாலு, ஒண்டு, ஏழு

தோர்ண்டன் ஹீத்தில் முன்பிருந்த தமிழ்க் கடையில் பார்சல் எடுத்துக் கொடுத்தவர் அவர். நரைத்த மீசை, காதில் செருகிய பென்சில். நாங்கள் "நானூற்றுப் பதினேழு" என்று பார்சல் இலக்கத்தைச் சொன்னால் நகரமாட்டார். "நாலு, ஒண்டு, ஏழு. நாலு, ஒண்டு, ஏழு" என்று அவரே இரண்டு தரம் திருப்பிச் சொன்ன பிறகே பார்சலைத் தேடுவார். வரிசையில் நின்ற எனக்கு ஒருநாள் பொறுக்கவில்லை.

"ஒருக்காச் சொன்னாக் காணாதோ, அண்ணை?"

அவர் கோபிக்கவில்லை.

"சண்டைக்காலம் நான் வோக்கிடோக்கியில செய்தி எடுத்தனான், தம்பி. மற்றப் பக்கம் ஒட்டுக் கேக்குமெண்டு பேர் சொல்லுறேல்லை. ஆளுக்கொரு இலக்கம். செத்த ஒரு பெடியன்ர இலக்கத்தில ஒண்டையும் ஏழையும் மாத்தி எழுதிப்போட்டன். செய்தி வேற வீட்டுக்குப் போயிட்டுது."

"பிறகு?"

"மூண்டு நாள் ஒரு தாய் வீணா அழுதவ. மற்றத் தாய் அந்த மூண்டு நாளும் மகன் வருவானெண்டு சிரிச்சுக்கொண்டு திரிஞ்சவ. ரெண்டு பேரில ஆரிட்டை மன்னிப்புக் கேக்கிறதெண்டு இன்னும் தெரியேல்லை."

அந்தக் கடையில் இப்போது முடி வெட்டுகிறார்கள். மருத்துவமனையில் இலக்கம் கேட்டால் நான் ஒற்றை ஒற்றையாக, இரண்டு தரம் சொல்கிறேன். ஏன் என்று யாராவது கேட்டால், அவரைச் சொல்ல என்னிடம் ஒரு பெயர்கூட இல்லை.