ஓரத்தில் எழுதிய பெயர்

அந்தப் புத்தகம் என் மேசைக்கு வந்த நாளிலிருந்து அண்ணனும் என்னோடு வேலைக்கு வரத் தொடங்கிவிட்டார். பேய் பிசாசை நம்புகிறவள் இல்லை நான். ஆனால் ஒஸ்லோ நகர நடுவில் இருக்கும் அந்த ஏல நிறுவனத்தில், நான் பக்கம் புரட்டும்போதெல்லாம் தோளுக்குப் பின்னால் நின்று, "மெதுவாப் புரட்டடி, விசரி" என்று அவர் சொல்வது கேட்டது.

ஏலத்துக்கு வரும் பழைய புத்தகங்களைச் சோதிப்பது என் வேலை. எங்கே புழு அரித்திருக்கிறது, எங்கே கறை என்று பார்த்துக் குறிப்பேன். இது போர்த்துக்கல் அரசன் ஒருவனின் ஆட்சி வரலாறு, நானூறு வருடங்களுக்கு முந்திய முதற்பதிப்பு. "இப்படி ஒன்று இனி நம் கைக்கு வராது" என்று சொல்லித்தான் மேலாளர் தந்தார்.

அண்ணன் மன்னாரில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படிப்பித்தவர். போர்த்துக்கீசர் காலத்தில் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்த சனத்தை யாழ்ப்பாணத்து அரசன் மன்னாரில் வெட்டுவித்த கதை எங்கள் வீட்டில் சோற்றோடு சேர்ந்த கதை. "வெட்டுவிச்சவனுக்குப் பேர் இருக்கு, போர்த்துக்கீசனுக்குப் பேர் இருக்கு, அவன்ர கப்பலுக்கும் பேர் இருக்கு. செத்த எங்கடை சனத்துக்கு மட்டும் பேர் இல்லை, பாத்தியே?" என்று கொதிப்பார். போர்க்காலத்தில் ஒரு காலை, சின்ன விசாரணை என்று வந்தவர்கள் அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவ்வளவுதான். பிடிபட்டவர்களின் பட்டியலிலும் அவர் பெயர் இல்லை, செத்தவர்களின் பட்டியலிலும் இல்லை.

இங்கே மாதா கோயிலில் நடக்கும் எங்கள் தமிழ்ப் பூசைக்கு, நவம்பர் மாதத்தில் இறந்தவர்களின் பெயர்களை எழுதிக் கொடுப்போம், பூசை வைக்கும் சுவாமி வாசிப்பார். அம்மா, எங்களைப் பெற்ற ஐயாவின் பெயரை எழுதுவார். அண்ணனின் பெயரை எழுத விடமாட்டார். வருடா வருடம் எங்கள் இரண்டு பேருக்கும் இதில் சண்டை.

இந்த முறை பட்டியல் கொடுக்க இரண்டு நாள் இருக்கும்போது புத்தகத்தில் ஒரு பக்கம் கண்ணில் பட்டது. போர்த்துக்கீசம் எனக்குத் தெரியாது. ஆனால் மன்னார் என்ற பெயரை எந்த எழுத்தில் கண்டாலும் தெரியும். கொஞ்சம் போர்த்துக்கீசம் தெரிந்த மேலாளரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"கிறிஸ்தவர்கள் பலர் கொல்லப்பட்டார்கள் என்று இருக்கிறது" என்றார்.

"பெயர்கள்?"

"இல்லை. இது அரசனுடைய புத்தகம்தானே" என்று சிரித்துவிட்டுக் கோப்பி எடுக்கப் போனார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பழைய புத்தகங்களுக்குப் பக்கத்தில் பேனா வைத்திருக்கக் கூடாது, பென்சில்தான். அந்தப் பென்சிலால், அந்த வரிக்கு நேரே ஓரத்தில், அண்ணனின் முழுப்பெயரையும் தமிழில் எழுதினேன். அழுத்தி எழுதினேன். வேலை போனால் போகட்டும் என்று இருந்தது.

கொஞ்ச நேரத்தில் நகரத்தின் விளிம்பில் புருசெத்தில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து அம்மா தொலைபேசியில் அழைத்தார்.

"பிள்ளை, கோயிலுக்கு அவன்ர பேரைக் குடுத்திடாதை, என்ன?"

"எத்தனை வருசத்துக்கம்மா இப்பிடி?"

"எழுதிக் குடுத்தால் அவன் செத்துப்போனான் எண்டு நாங்களே சொன்னமாதிரியெல்லோ? வேற ஆரும் சொல்லட்டும். நான் சொல்லமாட்டன்."

குனிந்து பார்த்தேன். வெட்டுப்பட்ட சனத்துக்குப் பக்கத்தில், என் கையெழுத்தில், அண்ணன். ஐயோ, கடைசியில் அதைச் சொன்னது நான்தானா? மேசை லாச்சியிலிருந்து அழிறப்பரை எடுத்து முதல் எழுத்திலிருந்து தேய்த்தேன். அவரைக் கொண்டுபோனவர்களை இத்தனை வருடமாய்த் திட்டிய அதே வாயால் அந்தத் தூளை ஊதித் தள்ளினேன். என்னையே எனக்குப் பிடிக்கவில்லை. அன்று பின்னேரம் தோளுக்குப் பின்னால் ஒரு சத்தமும் இல்லை.

சில நாள் கழித்து நடந்த ஏலத்தில், தொலைபேசியில் விலை கேட்ட யாரோ புத்தகத்தை வாங்கினார்கள். அனுப்புமுன் கடைசிச் சோதனைக்காக விளக்கைச் சரித்துப் பிடித்தேன். பென்சிலின் கறுப்பு போயிருந்தது. தாளில் பதிந்த பள்ளம் போகவில்லை. அண்ணனின் பெயர் எழுத்தெழுத்தாகத் தெரிந்தது. அதைக் குறிக்க வேண்டியது என் வேலை. "ஓரங்கள் சுத்தம்" என்று எழுதிப் பெட்டியை மூடினேன்.

வீட்டுக்குப் போனதும், பட்டியல் நாள் முடிந்தும் விடாமல், அம்மா கேட்டார்: "பேர் குடுக்கேல்லைத்தானே?"

"இல்லையம்மா. எங்கையும் குடுக்கேல்லை."

"அதுதான் சரி. நாளைக்கு அவன் வந்து, 'என்னைச் செத்தவன் எண்டு ஆர் எழுதினது?' எண்டு கேட்டால் நாங்கள் என்னத்தைச் சொல்லுறது?" என்றபடி எனக்குச் சோறு போட்டார்.